வேகம் கூடும் தெருவில் அறிமுகம் குறையும்

எந்தக் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் இரண்டு பேச்சுகள் தவறாமல் வரும். "நல்ல பிளம்பர் யாராவது இருந்தா சொல்லுங்களேன்" என்பது ஒன்று. "நம்ம தெருவுல பைக்கெல்லாம் பறக்குது, ஒரு ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்லணும்" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கூட்டம் கலைவதற்குள் நாலைந்து பெயர்கள் கிடைத்துவிடும். யாரைக் கூப்பிடவே கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். இரண்டாவதற்கு ஒரு மனு எழுதப்படும். அடுத்த ஆண்டும் அதே மனு எழுதப்படும்.

பிளம்பர் வீட்டுக்குள் நடக்கும் விவகாரம், வேகம் வீதியில் நடக்கும் விவகாரம் என்று இவற்றைத் தனித்தனியாகவே பேசிப் பழகியிருக்கிறோம். நகரத் தெருக்களைப் பற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகளையும், பழுதுபார்ப்புச் சேவைகளைப் பற்றிய பொருளாதார ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே முடிச்சில் வந்து நிற்பது தெரியும். வண்டிகள் பெருகி ஓடும் தெருவில், அங்கே குடியிருப்பவருக்குத் தெரிந்த முகங்கள் குறைகின்றன. முகங்கள் குறைந்தால் நம்பகமான ஆளைப் பற்றிய செய்தி வீடு வீடாகப் போவதும் குறைகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லிச் சேர்ந்து நிற்க ஆளும் கிடைப்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. பிளம்பரைத் தேட அறிமுகம் உதவும். வீதியின் பாதுகாப்பையும் அறிமுகத்தை நம்பி விட்டுவைத்திருப்பதுதான் நம் ஊர்களில் நடக்கும் தவறு.

மூன்று தெருக்கள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நகர வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர் டொனால்டு ஆப்பிள்யார்ட். 1960களின் இறுதியில் அவரும் மார்க் லின்டெல்லும் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று குடியிருப்புத் தெருக்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். வீடுகளின் அமைப்பில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. ஓடும் வண்டிகளின் எண்ணிக்கைதான் வேறு: முதல் தெருவில் நாளொன்றுக்குச் சுமார் 2,000, இரண்டாவதில் சுமார் 8,000, மூன்றாவதில் சுமார் 16,000. குடியிருப்பவர்களிடம் தெருவின் வரைபடத்தைக் காட்டி, நண்பர்கள் யார், பேசிப் பழகியவர்கள் யார், அவர்கள் வீடு எது என்று கேட்டுக் கோடு போட்டார்கள். 1972இல் வெளியான அந்தப் படங்களைப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது. முதல் தெருவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கோடுகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. மூன்றாவது தெருவில் எதிர்ச் சாரிக்குப் போகும் கோடுகளை எண்ணி எடுத்துவிடலாம்.

எண்களிலும் அதே கதைதான். போக்குவரத்து குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள், அறிமுகமானவர்கள் 6.3 பேர். போக்குவரத்து மிகுந்த தெருவில் நண்பர்கள் 0.9, அறிமுகமானவர்கள் 3.1. முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தங்கள் இடமாகச் சொன்னார்கள். மூன்றாவது தெருக்காரர்களுக்குத் தங்கள் கட்டடத்தோடு, சிலருக்குத் தங்கள் அறையோடு 'நம் இடம்' முடிந்துவிட்டது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 2008இல் ஜோஷுவா ஹார்ட் இதே முறையில் செய்த ஆய்வின் விடையும் இதே திசையில்தான் இருந்தது.

இந்த ஆய்வைப் பலர் வேதம் போலச் சொல்வதுண்டு, அவ்வளவு தேவையில்லை. மிகச் சிறிய ஆய்வு அது. இரைச்சல் மிகுந்த தெருவில் வாடகைக்காரர்களும் தனியாக வாழ்பவர்களும் அதிகம் இருந்தார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அமைதியான தெருவைத் தேடிப் போய்விட்டிருந்தன. எனவே வண்டிகள்தான் நட்பைக் குறைத்தன என்று முழுப் பழியையும் வண்டிகள்மேல் போட முடியாது. ஆனால் குடும்பங்கள் ஏன் விட்டுப் போயின என்று கேட்டால் விடை மறுபடியும் வண்டியில்தான் வந்து முடிகிறது. ஆப்பிள்யார்ட் இந்த ஆய்வுகளை விரித்து, மனிதர் வாழத்தக்க தெருக்களைப் பற்றிய தன் நூலை 1981இல் வெளியிட்டார். மறுஆண்டு ஏதென்ஸ் நகரில் கார் மோதி இறந்தார்.

நம் தெருக்கள் சான் பிரான்சிஸ்கோவின் தெருக்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னையில் வண்டி நெரிசல் மிகுந்த முனையில்தான் டீக்கடையும் இருக்கும். பேச்சும் அங்கேதான் நடக்கும். தெருவின் செய்திகளைச் சுமப்பவர்கள் வீட்டுக்காரர்களைவிடத் தெருவோரத்தில் நிற்பவர்கள்தான்: இஸ்திரி வண்டிக்காரர், பூ விற்கும் அம்மா, தள்ளுவண்டிக் காய்கறிக்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், மளிகைக் கடைக்காரர். எந்த வீட்டில் யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் மோட்டார் காயில் போட்டிருக்கிறார்கள், அதைக் கட்டிக் கொடுத்தவர் யார், அவர் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தாரா என்பதெல்லாம் இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியும். நியூயார்க்கின் தெருக்களைப் பற்றி 1961இல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், அக்கம்பக்கத்தார் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைக்கும் கடைக்காரர்களைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். அவர் வர்ணிக்கும் அந்தக் கடைக்காரரின் இடம் நம் ஊரில் இந்தத் தெருவோர மனிதர்களுடையது. உள்தெருவில் வண்டிகள் பெருகும்போது முதலில் இடம் இழப்பவர்களும் இவர்களே. வண்டி போக வழி வேண்டும் என்று முதலில் அகற்றப்படுவது இஸ்திரி வண்டிதான். அதோடு தெருவின் விலாசப் புத்தகமும் போய்விடுகிறது.

நல்ல ஆள் என்றால் என்ன

அறிமுகமானவர்கள் 6.3 பேரிலிருந்து 3.1 பேராகக் குறைந்தால் என்ன நட்டம்? நெருங்கிய நண்பர்கள் போதாதா? மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் இதே காலத்தில் வேறொரு கேள்வி வழியாக இந்த இடத்துக்கு வந்தார். அமெரிக்காவின் பாஸ்டனை அடுத்த நியூட்டனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம், அந்த வேலை இருப்பதை யார் சொன்னார்கள் என்று கேட்டார். தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஒருவரால் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர்களால் கிடைத்தது 55.6 சதவீதம், அரிதாகச் சந்திப்பவர்களால் 27.8 சதவீதம். நம் நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி கொஞ்சம் தள்ளி நிற்பவரிடமிருந்துதான் வரும். பிளம்பர் விஷயமும் அப்படித்தான். எதிர்வீட்டாரிடம் ஒரு புன்னகையோடு நின்றுவிடும் பழக்கம் இருக்கிறதே, அந்தப் பழக்கம்தான் இந்தச் செய்திக்குப் பாதை.

ஆனால் கிடைத்த செய்தி எவ்வளவு நம்பத்தக்கது? மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சில சேவைகளைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். வேலை முடிந்து, காசு கொடுத்து, அனுபவித்த பிறகும், அது தேவையான வேலையா, செய்தது சரியாகச் செய்யப்பட்டதா என்று வாங்கியவருக்குத் தெரியவே தெரியாத சேவைகள் அவை. மருத்துவம் அதில் சேரும். நம் வீட்டு ஏசியும் சேரும். "கேஸ் போயிடுச்சு சார்" என்ற வாக்கியத்தைக் கேட்காத வீடு சென்னையில் இருக்காது. ஏசியின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. கசிவு இருந்தால்தான் குறையும். கசிவு எங்கே என்று தேடாமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போகிறவர், அடுத்த கோடையிலும் வருவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார். ஆனால் அவர் வந்து போனதும் அறை குளிர்கிறது. நாமும் "நல்ல ஆள், கூப்பிட்டா உடனே வருவார்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறோம்.

இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆஸ்திரியாவில் செய்த சோதனை இதை அளந்து காட்டியது. ஒரே பழுதை வேண்டுமென்றே உண்டாக்கிய கணினிகளைப் பல பழுதுபார்ப்புக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தரும் என்று தெரிந்தபோது சராசரி பில் சுமார் 129 யூரோ. வாடிக்கையாளரே தருகிறார் என்றபோது சுமார் 70 யூரோ. 2016இல் வெளியான இந்த முடிவிலிருந்து கடைக்காரர்கள் எல்லோரும் திருடர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வி கேட்பவர் இல்லாத இடத்தில் பில் ஏறுகிறது, அவ்வளவுதான். தெருவின் சிபாரிசு வேலை செய்வதும் இந்த இடத்தில்தான். மூன்று வீடுகளுக்குத் தெரிந்த கொத்தனார் நான்காவது வீட்டில் அளவோடு நடந்துகொள்வார், ஏனென்றால் கேள்வி கேட்க மூன்று வீடுகள் இருக்கின்றன.

ஆகவே சிபாரிசு எதைப் பற்றிப் பேச முடியும், எதைப் பற்றிப் பேச முடியாது என்று பிரித்துக்கொள்வது நல்லது. சொன்ன நேரத்துக்கு வந்தார், சொன்ன தொகையை வாங்கினார், அட்வான்ஸோடு காணாமல் போகவில்லை, வேலை முடிந்ததும் குப்பையை அள்ளிக்கொண்டு போனார், ஆறு மாதம் கழித்துக் கசிந்தபோது கூப்பிட்டதும் வந்தார்: இவற்றை அண்டைவீட்டார் சத்தியமாகச் சொல்லலாம். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய தகவல். அதை யாரும் கேட்பதில்லை. எர்த்திங் சரியாக இருக்கிறதா என்பதை அண்டைவீட்டார் சொல்ல முடியாது. விளக்கு எரிவதைத்தான் அவர் பார்த்தார். தமிழ்நாட்டில் மின்கம்பியாளர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்க மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லும் ஆளுக்கும் ஒரு கேள்வி பாக்கி உண்டு: பொருளை அதே கடையில்தான் வாங்க வேண்டுமா என்பது.

தெருவின் நம்பிக்கைக்கு இருண்ட பக்கமும் இருக்கிறது. "செப்டிக் டேங்க் சுத்தம் பண்ண ஒரு ஆள் இருக்கார், உள்ளேயே இறங்கிப் பண்ணுவார், கிளீனா இருக்கும்" என்ற சிபாரிசு இன்றும் கைமாறுகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இந்தச் சாவுகளின் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இறங்குபவர் எந்தச் சாதி என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அக்கறையான, ஒற்றுமையான, ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் தெருவில்தான் இந்தப் பெயரும் சிரித்த முகத்தோடு பகிரப்படுகிறது. தெரிந்தவர் வழியாகவே வேலை போகும் ஏற்பாட்டில் தெரியாதவர் எப்போதும் வெளியில்தான். நேற்று ஒடிசாவிலிருந்து வந்த டைல்ஸ் தொழிலாளி எவ்வளவு நேர்த்தியாகப் பதித்தாலும் அவருக்காகப் பேச இந்தத் தெருவில் யாரும் இல்லை. 2014இல் தொடங்கிய அர்பன் கம்பெனி போன்ற செயலிகள் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கின்றன. ஆனால் முகம் தெரியாதவர் போடும் ஐந்து நட்சத்திரத்துக்கு, நாளை நம்மை எதிரில் பார்க்கப்போகிறவர் சொல்லும் வார்த்தையின் பொறுப்பு இல்லை.

பதின்மூன்று மீட்டர்

இனி வீதிக்கு வருவோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. 30 கிலோமீட்டரில் போவது 8 மீட்டருக்குச் சற்றே அதிகம். குறுக்கே ஓடிவரும் பிள்ளையைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30இல் வந்தவர் உலர்ந்த சாலையில் சுமார் 13 மீட்டரில் முழுதாக நின்றுவிடுவார். 50இல் வந்தவர் அந்த 13 மீட்டரில் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். முழு வேகத்தில் மோதுவார். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் மற்ற வாதங்கள் தானாகவே சுருங்கிவிடும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டிகளும் நடப்பவர்களும் கலந்து போகும் இடங்களில் 30தான் உச்சவரம்பு என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகளின் பிரகடனமும் சொன்னது. அரை கிலோமீட்டர் நீளத் தெருவை 30இல் கடக்க 60 நொடி, 50இல் கடக்க 36 நொடி. 24 நொடிக்குத்தான் இத்தனை சண்டையும்.

இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனங்களில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 64,105 விபத்துகள். மாநிலங்களில் இதுவே அதிகம். இறந்தவர்கள் 17,884. காரில் போகிறவர்தான் வேகத்தடை காரின் அடிவயிற்றில் இடிக்கிறது என்று புகார் சொல்கிறார். சாகிறவர் பெரும்பாலும் வேறு ஆள். நாம் தேடித் தேடி வரவழைக்கும் பிளம்பரும் பெயிண்டரும் எதில் வருகிறார்கள்? டிவிஎஸ் 50இன் முன்பக்கம் சாமான் பை, தோளில் ஏணி அல்லது பத்தடிக் குழாய், பின்னால் உதவியாள். அவர்களுக்குச் சாலைதான் முதல் பணியிடம். நம் குளியலறை இரண்டாவது.

சட்டத்தில் விடை இல்லாமல் இல்லை. நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு 70 கிலோமீட்டர்வரை உச்சவரம்பு என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. அதைவிடக் குறைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று வரம்பு வைத்தது. இதை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். 30 என்று எழுதிய பலகை உள்தெருக்களில் அபூர்வம். அதற்கிடையே மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி 118.9 கிலோமீட்டருக்கு நடந்துவருகிறது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் மடிப்பாக்கத்திலும் பெருந்தெருவின் வண்டிகள் குடியிருப்புத் தெருக்களுக்குள் திருப்பிவிடப்பட்டன. திருப்பிவிடாத இடங்களில் கைபேசி வரைபடம் திருப்பிவிடுகிறது. 2,000 வண்டி ஓடிய தெரு 8,000 வண்டித் தெருவாக மாறுவதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படுவதில்லை. திரும்ப 2,000 ஆக்குவதற்குத்தான் கையெழுத்து வேண்டும்.

கையெழுத்து கிடைக்காத தெரு என்ன செய்கிறது? தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் சிமெண்டைக் குழைத்து, தானே ஒரு மேடு கட்டிக்கொள்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டு விதிகள் வேகத்தடைக்கு அளவு சொல்கின்றன: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடந்தால் உடல் குலுங்காத வளைவு, 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை. கொத்தனார் கட்டும் மேடு ஓரடி அகலத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும். வெள்ளைக் கோடு இருக்காது. இரவில் வரும் ஸ்கூட்டர்காரர் அதில் தூக்கியெறியப்படுவார். அடுத்த முறை தார் போடும்போது மேடும் மறைந்துவிடும்.

அந்தத் தார் போடுவதிலும் ஒரு கதை உண்டு. பழைய மேற்பரப்பைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய அடுக்குப் போட்டுப் போட்டு, வீடுகள் எல்லாம் தெருமட்டத்துக்குக் கீழே போயின. சுரண்டி எடுத்த பிறகே தார் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதற்குள் பாதி நகரம் தன் வாசலை உயர்த்திக்கொண்டிருந்தது. வாசல் உயர்ந்ததும் கார் ஏறச் சாய்தளம் வேண்டும். சாய்தளம் தெருவுக்குள் நாலடி நீளும். நடப்பவர் அதைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவுக்கு வருவார். இதைக் கட்டியவரும் தெருவுக்கே தெரிந்த நம்பகமான கொத்தனார்தான். வேலை சுத்தம், கூலி நியாயம், வீட்டுக்காரருக்குத் திருப்தி. இழப்பு முழுவதும் அந்த வழியே நடந்து போகும் முதியவருக்கு. வீட்டுக்கு வீடு நல்ல வேலையாக நடந்து, தெருவுக்கு மொத்தமாகக் கெட்ட வேலையாக முடிவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நெதர்லாந்துக்காரர்களும் இதே இடத்தில் நின்றவர்கள்தான். 1971இல் அந்தச் சிறிய நாட்டில் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். டெல்ஃப்ட் நகரத்தில் குடியிருப்புத் தெருக்களையே திருத்தியமைத்தார்கள்: நேராக ஓடிய தெருவை வளைத்து, நடுவில் மரமும் இருக்கையும் வைத்து, வண்டிகள் நடையின் வேகத்துக்கு இறங்கிவர வேண்டிய இடமாக மாற்றினார்கள். 'குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து' என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் ஒன்று கிளம்பியது. எல்லா நாடுகளிலும் தெருக்காரர்கள் மனு எழுதுகிறார்கள். அங்கே வேறாக நடந்தது, 1976இல் அந்தத் தெரு அமைப்பு சட்டத்தில் ஏறியதுதான். அதன்பிறகு ஒரு தெரு பாதுகாப்பானதாக இருப்பதற்கு அங்கே குடியிருப்பவருக்கு நகரசபையில் யாரைத் தெரியும் என்பது முக்கியமில்லாமல் போனது.

நம் ஊரில் அதுதான் இன்னும் முக்கியமாக இருக்கிறது. ஓய்வுபெற்ற பொறியாளரோ காவல் அதிகாரியோ குடியிருக்கும் தெருவில் வேகத்தடை ஒழுங்காக வந்துவிடும். பக்கத்தில் கூலிவேலை செய்பவர்கள் குடியிருக்கும் தெருவில், பள்ளிக்கூடம் இருந்தாலும், வராது. சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சனும் உடனிருந்தவர்களும் 343 சுற்றுவட்டாரங்களில் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பிப் பொதுக்காரியத்தில் தலையிடும் இடங்களில் வன்முறை குறைவு என்று காட்டியது. வறுமையும் அடிக்கடி வீடு மாறுவதும் அந்தத் திறனைத் தின்கின்றன என்றும் அதே ஆய்வு சொன்னது. சேர்ந்து நிற்கும் வலிமை எல்லாத் தெருவுக்கும் ஒன்றுபோல இல்லை என்றால், அந்த வலிமையைக் காட்டினால்தான் பாதுகாப்பு என்பது அநியாயமான ஏற்பாடு. 2022 அக்டோபரில் சென்னையில் இளம் பத்திரிகையாளர் ஒருவர், வேலை முடியாமல் திறந்து கிடந்த மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து இறந்தார். அந்தப் பள்ளத்தை மூட யாருடைய சிபாரிசும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரவிதியை மீறி உயிரோ உடலுறுப்போ போனால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஒரு லட்சம் என்பது சிறிய தொகைதான். ஆனால் பொறுப்பு யாருடையது என்று எழுதிவைத்திருப்பது சிறிய காரியம் அல்ல.

தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் கலந்துகொண்டார். அந்தச் சபை உங்கள் பகுதியிலும் இருக்கிறது. அங்கே போய் வேகத்தடை போடுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எங்கள் தெருவில் நாளொன்றுக்கு எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள், 30 என்ற பலகையை எந்தத் தேதிக்குள் நடுவீர்கள், இருக்கும் மேடுகளை விதிப்படி எப்போது திருத்துவீர்கள் என்று கேளுங்கள். கேட்கும்போது பக்கத்துத் தெருவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் தெருவில் தடுக்கப்பட்ட வண்டி அங்கேதான் போகும். வாயால் சொன்ன பதிலோடு திரும்ப வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.